உடற்பயிற்சி நிலையமும் ஒரு தொழில்தான்: குச்சவெளியிலிருந்து எழும் கேள்விகள்

நாட்டின் பொருளாதாரம் மீண்டெழுகின்றது என்று கொழும்பிலிருந்து சொல்லப்படும்போதெல்லாம் சில எண்கள் முன்வைக்கப்படுகின்றன. 2025 ஆம் ஆண்டில் வந்திறங்கிய உல்லாசப் பயணிகளின் தொகை 23 இலட்சத்தைத் தாண்டி, 2018 ஆம் ஆண்டின் தொகையையும் விஞ்சியது. மத்திய வங்கியின் ஓரிரவுக் கொள்கை வட்டி வீதம் 2025 மே மாதத்தில் 7.75 சதவீதத்துக்குக் குறைக்கப்பட்டது. 2022 செப்டெம்பரில் 70 சதவீதத்தை அண்மித்த பணவீக்கம், 2023 நடுப்பகுதியிலேயே ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. இவ்வெண்கள் பொய்யல்ல. ஆனால், திருகோணமலையிலிருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுபிட்டி, குச்சவெளி ஊடாகப் புல்மோட்டைக்குச் செல்லும் கரையோர வீதியில், சொந்தப் பணத்தோடு கடன் பணத்தையும் சேர்த்து ஒரு சிறு தொழிலைத் தொடங்க எண்ணும் இளைஞன், இந்த எண்களை எவ்வழியாகத் தன் கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டுவருவது என்பதுதான் இங்கு எழும் கேள்வி.

அத்தகைய தொழில்களுள் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்பது பயன் தரும். உடற்பயிற்சி நிலையம், பேச்சுவழக்கில் ‘ஜிம்’, கடந்த பதினைந்து ஆண்டுகளில் யாழ்ப்பாணம் முதல் மட்டக்களப்பு வரை சிறு நகரங்களிலும் பரவிய ஒரு தொழில். மத்திய கிழக்கில் சில வருடங்கள் உழைத்துத் திரும்பியவர்களையும், மைதானத்தை விட்டு வர மனமில்லாத விளையாட்டு வீரர்களையும் இது கவர்கின்றது. காரணம் எளிது. பலசரக்குக் கடை போல இங்கு அரிசி புழுப்பதில்லை. மீன் வாடி போல ஐஸ் கரைவதில்லை. கடனுக்குச் சாமான் கொடுத்து ஏமாற வேண்டியதில்லை. ஒருமுறை இரும்பை வாங்கிப் போட்டால் அது இருபது வருடம் கிடக்கும் என்பது இத்தொழிலைப் பற்றிய பொதுவான நம்பிக்கை. கடற்காற்று வீசும் ஊரில் அந்த நம்பிக்கையின் முதல் பகுதியே பிழைத்துப் போகிறது என்பது ஒருபுறமிருக்க, அதன் கணக்கும் சரியாக இல்லை என்பதே நமது கருத்து.

கடலிலும் வயலிலும் உடல் வருத்தி உழைக்கும் மக்களுக்கு உடற்பயிற்சி எதற்கு என்ற கேள்வி இப்பகுதியில் இன்னும் உண்டு. அது நேற்றைய கேள்வி. கரைவலையை நாற்பது ஐம்பது பேர் தோள்கொடுத்து இழுத்த காலம் மாறி, உழவு இயந்திரத்தில் பொருத்திய வின்ச் அதை இழுக்கத் தொடங்கியதும், அதனைத் தடைசெய்ய வேண்டுமா அனுமதிக்க வேண்டுமா என்பது கடற்றொழிலாளரிடையே பெரும் சர்ச்சையானதும் நாம் அறிந்ததே. துடுப்பின் இடத்தில் வெளியிணைப்பு இயந்திரம், துவிச்சக்கர வண்டியின் இடத்தில் மோட்டார் சைக்கிள், நெல் வெட்டுவதற்கும் இயந்திரம். உழைப்பு குறைந்த அளவுக்குச் சோறும் சீனியும் குறையவில்லை. இலங்கையில் நிகழும் மரணங்களில் ஏறத்தாழ 83 சதவீதம் தொற்றா நோய்களால் நிகழ்வதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணிக்கிறது. இருதய நோய், நீரிழிவு, உயர் குருதி அமுக்கம் என்பன நகர வசதிபடைத்தோரின் நோய்கள் என்ற நிலை எப்போதோ கடந்துவிட்டது. எனவே தேவை இருக்கிறது. தேவை இருப்பதும், அத்தேவைக்குப் பணம் கொடுக்கும் ஆட்கள் மாதந்தோறும் வருவதும் வேறு வேறு விடயங்கள்.

மேலை நாடுகளில் இத்தொழில் எவ்வாறு இலாபம் ஈட்டியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஏனெனில் நம் இளைஞர்கள் பார்த்துப் படிக்கும் காணொளிகளும் வழிகாட்டிகளும் அங்கிருந்தே வருகின்றன. அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சி நிலையங்களில் 7,752 அங்கத்தவர்களின் மூன்று வருடப் பதிவுகளை ஆராய்ந்து ஸ்டெபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் 2006 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாதம் 70 டொலருக்கு மேல் கட்டும் ஒப்பந்தத்தைத் தெரிவுசெய்தவர்கள் சராசரியாக மாதத்தில் நான்கு முறைக்குச் சற்று அதிகமாகவே நிலையத்துக்கு வந்தனர். அதாவது ஒரு வருகைக்கு 17 டொலருக்கு மேல் கொடுத்தனர். அதே நிலையத்தில் பத்து வருகைகளுக்கான அட்டையை வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டொலரே செலவாகியிருக்கும். ‘நாளையிலிருந்து ஒழுங்காகப் போவேன்’ என்று மனிதன் தன்னைப்பற்றி வைத்திருக்கும் நம்பிக்கைதான் அங்கு விற்பனையாகிறது.

இன்னொரு விதமாகச் சொன்னால், அந்நிலையங்களை வாழவைப்பவர்கள் வியர்வை சிந்துபவர்களல்லர், வராதவர்கள். முந்நூறு பேர் ஒரே நேரத்தில் நிற்க முடியாத மண்டபத்துக்கு ஆயிரக்கணக்கானோரை அங்கத்தவர்களாகச் சேர்க்க முடிவது அதனால்தான். வங்கிக் கணக்கிலிருந்து கட்டணம் தானாகக் கழிந்துகொண்டிருக்கும். நிறுத்துவதற்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அக்கடிதத்தை எழுதச் சோம்பல். அவ்வளவு பலமான அத்திவாரத்தின்மீது நின்ற தொழிலும் கொரோனாக் காலத்தில் ஆட்டங்கண்டது. 2020 மே மாதத்தில் ‘கோல்ட்ஸ் ஜிம்’ நிறுவனமும் அடுத்த மாதம் ‘24 அவர் ஃபிட்னஸ்’ நிறுவனமும் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றன.

குச்சவெளியில் இந்த வித்தை பலிக்காது. இங்கு கட்டணம் கையில் காசாக, மாதா மாதம், பெரும்பாலும் மாதத்தின் இரண்டாவது வாரத்தில், அதுவும் கேட்டபின் கொடுக்கப்படுவது. வராதவன் கொடுப்பதில்லை. இரண்டு வாரம் வந்தவன் பாதிக் கட்டணம் கொடுக்கிறான். தவறணை முகப்பிலோ பள்ளிவாசல் வாசலிலோ கோவில் வீதியிலோ தினமும் சந்திக்கும் ஒருவரிடம் ‘ஒப்பந்தப்படி மூன்று மாதக் கட்டணம் பாக்கி’ என்று சொல்லிவிட்டு அதே ஊரில் தொழில் நடத்த முடியாது. எனவே சிறு நகர உரிமையாளரின் இலாபம், வருபவரை வரவைத்துக்கொண்டேயிருப்பதில்தான் தங்கியிருக்கிறது. அதாவது பயிற்சி நன்றாயிருந்து, உடலில் மாற்றம் தெரிந்து, ஆள் மறுமாதமும் வந்தால்தான் காசு. நியாயமான ஒரு தொழிலுக்கு இருக்க வேண்டிய நிபந்தனைதான் இது. ஆனால் அதற்கான செலவு அதிகம்.

ஒரு கணக்குக்காக, முப்பது இலட்சம் ரூபா முதலில் ஒரு நிலையம் தொடங்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். பத்து இலட்சம் சேமிப்பு, இருபது இலட்சம் வங்கிக் கடன். கடனுக்கு 14 சதவீத வட்டி, ஐந்து வருடத் தவணை. மாதத் தவணைப் பணம் ஏறத்தாழ 46,500 ரூபா. கட்டட வாடகை 30,000. இரண்டு பயிற்றுநர்கள். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதனோடு ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் செலுத்தும் 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் சேரும்போது ஒருவருக்கு 34,500, இருவருக்கு 69,000. மின்சாரம் 15,000, திருத்தம், துப்புரவு, இதர செலவு 15,000. மொத்தம் 175,500 ரூபா. எண்பது பேர் மாதம் 2,500 ரூபா கொடுத்தால் வருமானம் இரண்டு இலட்சம். உரிமையாளருக்கு மிஞ்சுவது 24,500 ரூபா.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். எண்பது அங்கத்தவர்களைச் சேர்த்து, அனைவரும் ஒழுங்காகக் கட்டணம் செலுத்தி, எந்த இயந்திரமும் உடையாமல் ஓடும் ஒரு நல்ல மாதத்தில், முதல் போட்டவரின் வருமானம் அவர் சம்பளம் கொடுக்கும் பயிற்றுநரின் வருமானத்தைவிடக் குறைவு. தன் பத்து இலட்சத்துக்கு அவர் வட்டியே கணக்கிடவில்லை. ‘ஜிம் நிரம்பி வழிகிறது, ஆனால் கையில் காசில்லை’ என்ற புலம்பலின் இரகசியம் இதுதான். கணக்குப் பார்க்காதவர் இதைக் கவனிக்க மாட்டார். ஏனெனில் முதல் இரண்டு வருடங்களுக்கு இயந்திரங்கள் புதியவை. மாற்றுச் செலவு இல்லை. மூன்றாம் வருடம் கேபிள்கள் அறுந்து, இருக்கைகள் கிழிந்து, ஓடுபொறியின் மோட்டார் எரியும்போதுதான் முதல் கரைந்திருப்பது தெரியவரும்.

அதுவும் நல்ல மாதக் கணக்கு. குச்சவெளியின் ஆண்டு பன்னிரண்டு சமமான மாதங்களைக் கொண்டதல்ல. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையேறும். நிலாவெளி விடுதிகளில் ஆட்குறைப்பு நடக்கும். கிழக்குக் கரையின் உல்லாசப் பருவம் ஏறத்தாழ ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரையே. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் காட்டியதுபோல, சில ஆண்டுகளில் அம்மாதங்கள் வெறும் மந்தமாக இல்லாமல் பேரிடராகவும் மாறும். நோன்பு மாதத்திலும் வருகை குறையும்; வருபவர்களும் தராவீஹ் தொழுகைக்குப் பின்னரே வருவர். ஆக, நான்கு மாதங்களில் வருமானம் அறுபது சதவீதமாகக் குறைவதாகக் கொண்டால், அம்மாதங்கள் ஒவ்வொன்றிலும் 55,500 ரூபா நட்டம். எட்டு நல்ல மாதங்களின் மிச்சம் 196,000. நான்கு மந்த மாதங்களின் நட்டம் 222,000. வருட முடிவில் 26,000 ரூபா துண்டு விழுகிறது.

நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னோக்கி நகர்வதை இங்கு ஒரு சிறு குறிப்பாகச் சொல்லலாம். 2026 இல் அது பெப்ரவரி நடுப்பகுதியில் தொடங்கி, மழைக்கால மந்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. 2029, 2030 அளவில் அது ஜனவரிக்குள் புகுந்துவிடும். இரண்டு மந்தமும் ஒன்றாகும்போது ஆண்டில் மந்த மாதங்களின் தொகை குறையும். இவ்வூரில் ஐந்து வருடக் கடன் எடுப்பவர் கணக்கில் கொள்ளவேண்டிய விடயங்களுள் இதுவும் ஒன்று. வங்கியின் விண்ணப்பப் படிவத்தில் இதற்கு இடமில்லை.

அப்படியானால் இத்தொழிலில் இலாபமே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறிடத்தில் இருக்கிறது. சிறு நகர நிலையங்கள் பெரும்பாலானவை காலையில் இரண்டு மணித்தியாலமும் மாலையில் நான்கு மணித்தியாலமும் இயங்குகின்றன. காலை ஒன்பது மணிமுதல் பிற்பகல் நான்கு மணிவரை வாடகைக் கட்டடத்துக்குள் கடன் வாங்கிய இரும்பு சும்மா கிடக்கிறது. வாடகையும் வட்டியும் அந்த நேரத்துக்கும் ஓடுகின்றன. அந்த நேரத்தில் யார் வரக்கூடும்? பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்ட தாய்மார். பாதி நேர வேலைபார்க்கும் பெண்கள். மருத்துவர் நடக்கச் சொல்லியும் வீதியில் நடக்கக் கூச்சப்படும் நடுத்தர வயதினர். நோய்களின் சுமை கூடுதலாக விழுந்திருப்பதும், உடல் அசைவுக்கான பொது இடம் குறைவாக இருப்பதும் இவர்களுக்கே. மைதானம் ஆண்பிள்ளைகளுடையது, கடற்கரை மாலையில் ஆண்களுடையது.

ஆனால் ‘பெண்களும் வரலாம்’ என்று பலகையில் எழுதிவைப்பதால் எவரும் வரமாட்டார்கள். முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் இப்பிரதேசத்தில் இரு சமூகத்துப் பெண்களுக்கும் நிபந்தனை ஒன்றே: அந்த நேரத்தில் ஆண் எவரும் உள்ளே இருக்கக்கூடாது, உரிமையாளர் உட்பட. பயிற்றுநர் பெண்ணாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்க முடியாதபடி யன்னல்கள் இருக்க வேண்டும். உள்ளே கைத்தொலைபேசியில் படமெடுக்கக்கூடாது. மாற்றுடை அணியும் அறையும் கழிவறையும் தனியாக வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு ஓர் ஓடுபொறியின் விலையைவிடக் குறைவு. நாற்பது பெண்கள் சேர்ந்தால் ஓர் இலட்சம் ரூபா வரவு. பெண் பயிற்றுநருக்கு 34,500, கூடுதல் மின்சாரத்துக்கு 5,000 கழித்தால் 60,500 மிச்சம். இதனோடு, இரண்டு ஆண் பயிற்றுநர்களில் ஒருவரின் வேலையை உரிமையாளரே செய்தால் நல்ல மாதத்தின் மிச்சம் 119,500 ரூபாவாகிறது. மந்த மாதத்தில் ஐந்நூறு ரூபா மட்டுமே கையைக் கடிக்கும். ஆண்டுச் சராசரியாக மாதம் 79,500 ரூபா. அதே கட்டடம், அதே இரும்பு, அதே கடன். நட்டத்துக்கும் இலாபத்துக்கும் இடையிலான வேறுபாடு பகல் நேரப் பூட்டைத் திறப்பதில் இருக்கிறது.

இதில் பெண் பயிற்றுநர் எங்கே என்பது உண்மையான தடை. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்கள் ஏழு மட்டங்களில் வழங்கப்படும் நாட்டில், அழகுக்கலைக்கும் தையலுக்கும் கணினிக்கும் கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனங்கள், உடற்பயிற்சிக்கும் அவ்வாறே பயிற்றுவிக்க முன்வர வேண்டும். கிழக்கு மாகாணத்தில் விளையாட்டில் மாகாண, தேசிய மட்டங்களுக்குச் சென்று, பாடசாலை முடிந்ததும் வீட்டுக்குள் அடங்கிப்போகும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு ஆறுமாதப் பயிற்சி கொடுத்தால் ஊரிலேயே ஒரு சம்பளம். இதை மாகாண விளையாட்டுத் திணைக்களம் ஒரு பெரும் திட்டமாகக் கருத வேண்டியதில்லை. வருடத்துக்கு முப்பது பேர் போதும்.

கடன் விடயத்துக்கு வருவோம். 2021 நடுப்பகுதியில் வர்த்தக வங்கிகளின் முதன்மைக் கடன் வீதம் 6 சதவீதத்தை அண்டியிருந்தது. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நான்கு நாட்களில், ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. அவ்வாண்டின் இறுதியில் முதன்மைக் கடன் வீதம் 28 சதவீத அளவுக்குச் சென்றது. முதன்மை வாடிக்கையாளரல்லாத சிறு தொழிலாளர் அதற்கும் மேல் செலுத்தினர். மேலே சொன்ன இருபது இலட்சக் கடனுக்கு 28 சதவீத வட்டியில் தவணை ஏறத்தாழ 62,300 ரூபா. 14 சதவீதத்தோடு ஒப்பிட்டால் மாதம் 15,700 ரூபா மேலதிகம். அதாவது ஆறு அங்கத்தவர்களின் கட்டணம் முழுவதும் இந்த வேறுபாட்டுக்கே போகும். மாறும் வட்டிக்குக் கடன் எடுத்தவர்கள் அக்காலத்தில் எவ்வாறு நசுங்கினர் என்பதற்குப் பராட்டே சட்டம் பற்றிய கூச்சல் சாட்சி. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதிமன்றம் செல்லாமலேயே ஈட்டுச் சொத்தை ஏலமிடும் அதிகாரம் வங்கிகளுக்கு உண்டு. அவ்வதிகாரம் 2024 இல் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டு, பின்னர் 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. இடைநிறுத்தம் கடனைக் குறைக்கவில்லை. நாளை மட்டுமே தள்ளிப்போட்டது.

ஆனால் குச்சவெளியில் பலருக்குப் பராட்டே ஓர் ஆபத்தாகக்கூட இருக்க முடியாது. ஏலம்போட ஓர் உறுதி வேண்டுமே! போரில் இடம்பெயர்ந்து ஆவணங்களை இழந்தவர்கள், 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோன வீட்டோடு உறுதியையும் பறிகொடுத்தவர்கள், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் மட்டுமே வைத்திருப்பவர்கள் இப்பிரதேசமெங்கும் உள்ளனர். அனுமதிப்பத்திரக் காணியைத் தனியார் உறுதிக் காணிபோல விரும்பிய வங்கியில் ஈடு வைக்க முடியாது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்ட காலத்திலிருந்து திரியாய், குச்சவெளிப் பக்கங்களில் காணிகள் பற்றிய அச்சம் மேலும் கூடியது. எல்லை எதுவென்று தெரியாத காணியை எந்த வங்கி முகாமையாளரும் ஈடாக ஏற்கமாட்டார். காணிப் பிரச்சினையை அரசியல் பிரச்சினையாக மட்டும் பேசிப் பழகிவிட்டோம். அது ஒரு கடைக்காரனின் வட்டிப் பிரச்சினையுமாகும். வங்கிக் கதவு மூடியவர் நிதிக் கம்பனிக்கும், அங்கிருந்து நுண்கடனுக்கும் போகிறார். திருகோணமலை உட்பட வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை 2018 இல் அரசாங்கம் தள்ளுபடி செய்ய நேர்ந்தது அந்தப் பாதையின் முடிவு எங்கே என்பதைக் காட்டியது. ஈடற்ற சிறு தொழிலாளருக்காக அமைக்கப்பட்ட தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் இவ்வகையினரைச் சென்றடைகிறதா என்பதே அதன் வெற்றிக்கு அளவுகோலாக வேண்டும்.

மின்சாரக் கட்டணத்தில் இன்னொரு விநோதம் உண்டு. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்த கட்டணம், பின்னர் கட்டங்கட்டமாகக் குறைந்து, 2025 ஜனவரியில் 20 சதவீதம் வெட்டப்பட்டு, அதே ஜூனில் 15 சதவீதம் மீண்டும் ஏறியது. இவ்வேற்ற இறக்கங்களுக்கு அப்பால், பாவனையாளர் வகைப்படுத்தலைக் கவனிக்க வேண்டும். உல்லாச விடுதிகளுக்குத் தனி வகுதி உண்டு. அதன் அலகு விலை ‘பொது நோக்க’ வகுதியைவிடக் குறைவு. கடை, அலுவலகம் போன்றவற்றோடு உடற்பயிற்சி நிலையமும் பொது நோக்க வகுதிக்குள்தான் விழுகிறது. நிலாவெளிக் கடற்கரை விடுதியொன்றில் விருந்தினருக்காக ஓடும் ஓடுபொறிக்கும், வீதியின் மறுபக்கத்தில் ஊரவருக்காக ஓடும் அதே ஓடுபொறிக்கும் இரண்டு விலை. அந்நியச் செலாவணி ஈட்டும் தொழிலுக்குச் சலுகை கொடுப்பதில் நியாயமிருக்கலாம். நோய்க்குச் செலவாகும் அந்நியச் செலாவணியைச் சேமிக்கும் தொழிலுக்கு அந்நியாயம் ஏன் என்று கேட்கவும் இடமுண்டு.

வரியிலும் இதே கதை. ஆண்டு விற்பனை 150 இலட்சம் ரூபாவுக்கும் ஊழியர் தொகை பத்துக்கும் உட்பட்டதை நுண் தொழில்முயற்சி என அரசின் கொள்கைச் சட்டகம் வகுக்கிறது. நாம் பார்த்த நிலையம் ஆண்டுக்கு 36 இலட்சத்துக்கு மேல் பெறாது. பெறுமதி சேர் வரிக்கான பதிவெல்லை 2024 ஜனவரியிலிருந்து 6 கோடி ரூபாவாக இருந்தது. அதனை 3 கோடியே 60 இலட்சமாகக் குறைக்க 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. எப்படிப் பார்த்தாலும் எமது உரிமையாளர் பதிவுக்குள் வரமாட்டார். ஆனால் அவர் வாங்கும் உபகரணத்தின் விலைக்குள் 18 சதவீத வரி ஏற்கனவே ஒளிந்திருக்கிறது. பதிவில்லாதவர் அதைத் திரும்பக் கோர முடியாது. பெரிய நிறுவனம் கோரலாம்.

உபகரணத்தைப் பொறுத்தவரை ஒன்றைத் துணிந்து சொல்லலாம்: இக்கரையோரத்தில் தொடங்குபவர் ஓடுபொறியில் பணத்தைப் போடக்கூடாது. அது பார்வைக்கு நவீனம். ஆனால் உப்புக்காற்றும் ஏறி இறங்கும் மின்னழுத்தமும் அதன் மின்சுற்றைத் தின்றுவிடும். பழுது பார்ப்பவர் கொழும்பிலிருந்து வர வேண்டும். கடற்கரை மணலில் காசில்லாமல் ஓடலாம். மாறாக, பெஞ்ச், ரெக், இழுவைச் சட்டம் போன்றவற்றைத் திருகோணமலை வெல்டிங் பட்டறைகளிலேயே தடித்த இரும்பில் செய்விக்கலாம். உடைந்தால் அன்றே ஒட்டலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துருநீக்கி வர்ணம் பூசுவதற்கு ஒரு தொகையை ஒதுக்குவது விளம்பரத்துக்கு ஒதுக்குவதைவிட முக்கியம்.

இலாபம் குறையும்போது பலர் நாடும் குறுக்குவழி புரத மாப் போத்தல். மாதக் கட்டணத்தில் கிடைக்காத இலாபம் ஒரு போத்தலில் கிடைக்கும். அதோடு நின்றால் பரவாயில்லை; அதன் அடுத்த படி மருத்துவரின் சிட்டையில்லாத ஊசியும் மாத்திரையும். 2013 ஆம் ஆண்டின் ஊக்கமருந்து எதிர்ப்புச் சட்டம் முதன்மையாகப் போட்டிகளில் பங்குபற்றும் வீரர்களைக் குறித்துச் சிந்திக்கிறது. போட்டிக்கே போகாத, மூன்று மாதத்தில் கை பருக்க வேண்டுமென்று நினைக்கும் பதினெட்டு வயதுப் பையனை அது எவ்வளவு தூரம் காக்கும்? ஐஸ் போதைப்பொருளுக்கு மாற்றாக ஜிம்மைக் காட்டும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். ஊரறிந்த ஒரு சம்பவம் போதும், அந்நிலையத்தைத் தாய்மார் பூட்டிவிடுவர்.

இன்னொரு நோய் நமக்கேயுரியது. ஒருவர் தொடங்கியது ஓடுகிறது என்று தெரிந்ததும் அதே வீதியில் மூன்று பேர் தொடங்குவது. தொலைத்தொடர்பு நிலையங்களும் கைத்தொலைபேசிக் கடைகளும் இப்படித்தான் பெருகி இப்படித்தான் மூடப்பட்டன. இரண்டாவது நிலையம் வந்ததும் கட்டணம் 2,500 இலிருந்து 1,500 ஆகிறது. மேலே சொன்ன செலவுகளில் ஒன்றுகூடக் குறைவதில்லை. எட்டு மாதத்தில் இருவரும் உபகரணங்களை அரைவிலைக்கு விற்கிறார்கள். பிரதேச சபை வியாபார அனுமதி கொடுக்கும்போது எத்தனை கொடுப்பது என்று கட்டுப்படுத்த வேண்டுமென நாம் சொல்லவரவில்லை. அது வேறு வகை ஊழலுக்கு வழி. இருவரும் ஒரே காலை மாலை வேளைக்குள் அடிபடாமல், ஒருவர் முழுநேரமும் பெண்களுக்கென்று நடத்தினால் இருவருக்கும் இடமிருக்கிறது.

பிரதேச சபை செய்யக்கூடியது வேறொன்று உண்டு. இப்பகுதியில் சுனாமிக்குப் பின்னரும் போருக்குப் பின்னரும் தொண்டு நிறுவனங்கள் கட்டிக்கொடுத்துப் பூட்டிக்கிடக்கும் மண்டபங்களுள் ஒன்றிரண்டைப் பகிரங்க கேள்வியில், ஐந்து வருட ஒப்பந்தத்துக்கு, குறைந்த வாடகையில் இத்தொழிலுக்குக் கொடுக்கலாம். பிரதேச செயலகத்தின் சிறுதொழில் உத்தியோகத்தர் வங்கிகளோடு பேசி ஒரு மாற்றத்தைக் கேட்கலாம்: பன்னிரண்டு சம தவணைகளுக்குப் பதிலாக, ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை கூடிய தவணை, நவம்பரிலிருந்து மார்ச் வரை வட்டி மட்டும். நெல் விதைப்பவருக்கு அறுவடையோடு கடன் கட்ட அனுமதிக்கும் வங்கிகளுக்கு இது புதிய கணக்கல்ல. வாடகையும் தவணையும் இவ்வாறு அமைந்தால், மேலே காட்டிய மந்த மாதங்களில் கையிலிருந்து போகும் தொகை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.